விழா மலரில் இல்லாத வீடு

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் வெளியிட்ட விழா மலர்களைக் கொஞ்ச காலமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி விழா மலர், பொன் விழா மலர், புதுக் கோயில் அர்ச்சிப்பு மலர் என்று ஒரு அட்டைப்பெட்டி நிறைந்துவிட்டது. சில பழைய பேப்பர் கடையில் கிடைத்தவை, சில சொந்தக்காரர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கியவை. போன மழையில் பெட்டிக்குள் ஈரம் ஏறிவிட்டதால் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்தேன். காக்கா கொத்தாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ரெண்டு நாளில்தான் எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தேன். அந்த வாசிப்பின் குறிப்பு இது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளணும். அந்தப் பெட்டியில் எங்கள் பங்கின் வெள்ளி விழா மலரும் இருக்கு. அதற்குப் பிழை திருத்தியது நான்தான். பங்கு வரலாறு கட்டுரையில் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: ஆரம்ப காலத்தில் ஒரு விசுவாசியின் இல்லத்தில் திருப்பலி நடைபெற்று வந்தது. அதில் நான் 'ஆரம்பக் காலத்தில்' என்று ஒரு 'க்' சேர்த்தேன். அவ்வளவுதான். அந்த விசுவாசி யார், அந்த இல்லம் எந்தத் தெருவில் இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். ஒற்றைப் பார்த்தேன், ஆளை விட்டுவிட்டேன்.

மலர் எப்படி இருக்கும்

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். 'பங்கு' என்பது ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாழும் கத்தோலிக்கர்களை ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் வைக்கும் அமைப்பு. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். கடலூரும் சிதம்பரமும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இந்தப் பெயர் 1953இல்தான் வந்தது. அதற்கு முன்னால் வெறும் புதுவை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்காத காலம் அது.

இந்த மலர்களுக்கெல்லாம் ஒரே அச்சு. அட்டையில் கோயில். உள்ளே பேராயரின் வாழ்த்து, பங்குத்தந்தையின் முன்னுரை, அரசியல்வாதிகளின் வாழ்த்து. பிறகு 'நம் பங்கின் வரலாறு'. நிலம் வாங்கியது, அடிக்கல் நாட்டியது, கோயில் கட்டியது, மணிக்கூண்டு, கெபி, சுற்றுச்சுவர். அதற்கப்புறம் பணியாற்றிய பங்குத்தந்தையரின் படமும் ஆண்டும். பின்னாடி நன்கொடையாளர் பட்டியல், பங்குக் குடும்பங்களின் பட்டியல். மிச்சமெல்லாம் நகைக்கடை, ஜவுளிக்கடை, ஹார்டுவேர்ஸ் விளம்பரம்.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு புறநகர்ப் பங்கைப் பற்றி அச்சில் இருக்கிற ஒரே சாமான் பெரும்பாலும் இந்த மலர்தான். எந்த வருஷம் ஓட்டுக் கூரை, எந்த வருஷம் கான்கிரீட், எந்தச் சாமியார் காலத்தில் பள்ளி வந்தது என்பதெல்லாம் வேறெங்கேயும் கிடைக்காது. விளம்பரங்கள்கூட உபயோகமானவைதான். எந்தக் கடைக்காரர் எந்தக் கோயிலுக்கு விளம்பரம் கொடுத்தார் என்பதைப் பார்த்தால் அந்த ஊரில் யார் யாரோடு புழங்கினார்கள் என்று தெரியும். ஒரு கடலூர் மலரில் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் அரிசி மண்டி விளம்பரம், நாலு விளம்பரம் தள்ளி ஒரு ஐயர் கேட்டரிங். அந்த ரெண்டு பக்கம் 'மத நல்லிணக்கம்' என்று அதே மலரில் எழுதப்பட்ட கட்டுரையைவிட நிறையச் சொல்லுது.

என் குறை வேற. இந்த மலர்கள் பங்கை ஒரு கட்டடமாகவும், அதைக் கட்டிய குருக்களின் வரிசையாகவும் மட்டுமே பார்க்கின்றன. இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது, அது எதை மறைக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த அச்சு எங்கே வார்க்கப்பட்டது

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், கர்நாடக மிஷன் 1776இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் கைக்கு வந்தது. அந்தச் சபையின் வரலாற்றாளர் அட்ரியன் லோனே 1898இல் இந்திய மிஷன்களின் வரலாற்றைப் பல தொகுதிகளாகப் பிரெஞ்சில் வெளியிட்டார். உழைப்பு அசாத்தியம். ஆனால் அது மிஷனரியின் வரலாறு. மையத்தில் இருப்பவர் ஆயரும் குருவும். ஊர்மக்கள் எண்ணிக்கையாக வருவார்கள், இல்லையென்றால் பிரச்சினையாக வருவார்கள்.

நம் விழா மலர் எழுதுகிற ஆசிரியரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ லோனேயைப் படித்திருக்கமாட்டார். படிக்கவும் வேண்டாம். ஆயர் இல்லத்துக்குப் போகிற ஆண்டறிக்கையிலிருந்து பங்கு அலுவலகக் கோப்பு வரை எல்லாமே அந்த வார்ப்பில்தான் இருக்கு. அந்தக் கோப்பைப் பார்த்து எழுதினால் அந்த வார்ப்புதான் வரும்.

இத்தனைக்கும் திருச்சபைச் சட்டமே இந்த இடத்தில் மாறிவிட்டது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு நிலத்திலிருந்து ஆரம்பித்தது. மறைமாவட்டத்தின் பரப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்கணும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோயில், அதற்கென மக்கள், ஒரு குரு. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 515ஆம் சட்டம் மக்களிலிருந்து ஆரம்பிக்கிறது. பங்கு என்பது நிலையாக அமைந்த ஒரு நம்பிக்கையாளர் சமூகம் என்கிறது. எல்லைக்கோடு அடுத்து 518இல்தான் வருது. சட்டம் மாறி 40 வருஷத்துக்கு மேலாச்சு. மலர்கள் இன்னும் 1917லேயே நிற்கின்றன.

கோயில் போனாலும் போகாதது

கட்டடம்தான் பங்கு என்று நினைப்பவர்களுக்குக் கடலூரிலேயே பதில் இருக்கு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அந்தச் சில வருஷம் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்த புனித டேவிட் கோட்டைதான் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். 1748இல் ஐரோப்பாவில் சமாதானம் ஆனதும் சென்னை திரும்பக் கிடைத்தது. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு பார்த்தார்கள் என்பது ஆங்கிலேயரின் சந்தேகம். அவர்களை வெளியேற்றிவிட்டு, 1749இல் கடலூரிலிருந்த கத்தோலிக்கக் கோயிலைப் புராட்டஸ்டன்ட் மிஷனரியான கீர்நாந்தரிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஸ்வீடன்காரர், 1740இலிருந்து கடலூரில் இருந்தவர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் கீர்நாந்தர் கல்கத்தா போய்விட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பறித்தவர்களையும் பெற்றவரையும் பற்றிப் பேசுவார்கள். நான் யோசிப்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. கோயில் இல்லை, குரு இல்லை. ஆனால் குழந்தை பிறக்கும், ஆள் சாவார், கல்யாணம் வரும். உபதேசியார் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டில் செபமாலை ஓடும். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அன்றைக்கும் சட்டம்தான். கட்டடமும் குருவும் இல்லாத அந்தக் காலத்துக்கு விழா மலரின் வரலாற்றில் இடமே கிடையாது, ஏன்னா படம் போட ஒன்றுமில்லை. ஆனால் கடலூரில் கத்தோலிக்கர் தொலைந்துபோகவில்லை. தொலையாமல் பார்த்துக்கொண்டவர்கள் யாரோ இருந்திருக்காங்க.

எங்கள் புறநகரிலும் கோயிலுக்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. அதைத்தான் நான் 'க்' போட்டு மூடினேன்.

மனை வாங்கி வந்தவர்கள்

புறநகர்ப் பங்கின் சரக்கே வேற. கோணான்குப்பம் மாதிரி ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வீரமாமுனிவர் கட்டிய பெரியநாயகி மாதா கோயில், 18ஆம் நூற்றாண்டு. அங்கே ஊர், கோயில், திருவிழா எல்லாம் பின்னிக் கிடக்கும். யார் தேரைத் தொடுவது, எந்தத் தெருவில் தேர் திரும்புவது என்பதற்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக வழக்கு இருக்கும். வரலாறு எழுதுகிறவருக்குப் பிடிக்க ஒரு கயிறு உண்டு.

கடலூர்ப் புறநகரில் அப்படிக் கயிறு கிடையாது. தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர், 1993இல் மாவட்டம் பிரிந்தபின் கடலூர் மாவட்டத்தின் தலைநகர். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேலைக்கு வந்தவர்கள். 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று மனை வாங்கியவர்கள். சிப்காட்டுக்கு வந்தவர்கள். பிள்ளைகளைப் புனித வளனார் பள்ளியில் சேர்க்கணும் என்றே கிராமத்து நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள். ஒவ்வொருவரும் ஒரு ஊரை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கோயிலில் முதல் பத்து வருஷம் கொடியேற்றத்துக்கு எந்த ஊர்ப் பாட்டைப் பாடுவது என்பதிலேயே சண்டை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் குரு 'பூசை' என்றாலே, "இப்பல்லாம் திருப்பலின்னு சொல்லணும் சாமி" என்று திருத்துவாங்க.

இத்தனை ஊர் ஆட்கள் எப்படி ஒரு பங்கு ஆனார்கள் என்பதுதான் புறநகர்ப் பங்கின் நிஜமான வரலாறு. மலர்களில் அதற்கு ஒரே வரி: பல ஊர்களிலிருந்து குடியேறிய மக்கள் ஒரே குடும்பமாக வாழ்கின்றனர். ஒரே குடும்பமானதற்குப் பின்னால் இருந்த பேச்சு, கோபம், சமரசம், அன்பியக் கூட்டத்துக்கு யார் வீட்டில் யார் தண்ணி குடிச்சாங்க, யார் குடிக்கலைங்கறது எதுவும் அதில் இல்லை.

சிதம்பரத்தில் இது இன்னும் கண்கூடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது. அன்றிலிருந்து எத்தனை மாணவர்கள் அண்ணாமலை நகரில் தங்கிப் படித்திருப்பார்கள்! நானும் அதில் ஒருத்தன். திருச்சபைச் சட்டப்படி ஒரு இடத்தில் மூன்று மாதம் தங்கினாலே அந்தப் பங்கோடு பந்தம் ஏற்பட்டுவிடும். ஐந்து வருஷம் இருந்தால் நிரந்தர வாசம். நாகர்கோவில் பையனும், தூத்துக்குடிப் பெண்ணும், கேரளத்திலிருந்து வந்த நர்சிங் மாணவியும் சட்டப்படி சிதம்பரத்துக் கத்தோலிக்கர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் கிதார் வாசித்தது அவர்கள், கிறிஸ்மஸ் குடில் கட்டியது அவர்கள். குடும்பப் பட்டியலில் அவர்கள் கிடையாது, ஏன்னா அவர்கள் குடும்பம் இல்லை. பட்டியலின் அலகு தலைக்கட்டு. சந்தா கொடுக்கிற தலைக்கட்டு எதுவோ அதுதான் பங்கு என்றாகிவிடுகிறது.

யார் பேர் அச்சில் வரும்

மலர்களை மாடியில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வரலாற்றுக் கட்டுரைக்குள் பெயரோடு வருகிறவர்கள் யார்? குருக்கள், நிலம் கொடுத்தவர், கட்டட கான்ட்ராக்டர், ஒருசில பங்குப் பேரவைச் செயலாளர்கள். கன்னியர்கள் சபைப் பெயராக மட்டும் வருவார்கள். இந்த உயர்மறைமாவட்டத்தில் பெண்களின் படிப்பு என்ற பேச்சே, 1844இல் ஆயர் பொன்னான் கூட்டிய புதுவை மாமன்றத்தையும் அதே வருஷம் துய்ப்புயி அடிகள் தொடங்கிய இருதய மரி கன்னியர் சபையையும் சொல்லாமல் முடியாது. ஆனால் நம் தெருப் பள்ளியில் முப்பது வருஷம் அ, ஆ சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்குப் பெயர் இருக்காது.

கோயில்பிள்ளை பெயரும் வராது. காலையில் மணி அடித்து, மெழுகுதிரி ஏற்றி, சாவு விழுந்தால் துக்க மணி அடித்து, குழி வெட்ட ஆள் பிடித்து, புதுசாக வருகிற ஒவ்வொரு சாமியாருக்கும் வீடு வீடாக அழைத்துப் போய் 'இவங்க இன்னார்' என்று அறிமுகம் பண்ணுகிறவர் அவர்தான். பங்குத்தந்தை சில வருஷத்தில் மாற்றலாகிப் போவார். கோயில்பிள்ளை முப்பது வருஷம் இருப்பார்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் சாலையைப் பார்க்கணும். 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காவி உடுத்து, சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஜனங்கள் நடந்து போவார்கள். காலில் கொப்புளம் போட்டவர்களுக்கு எங்கள் பங்கில் மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவது மரியாயின் சேனைப் பெண்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற கூட்டத்துக்கும் எலுமிச்சை சாதம் இருக்கும். அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இது எந்த நிர்வாகமும் ஆணை போட்டு நடப்பதில்லை, கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. அதனால் மலரிலும் ஏறாது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸ் மறுநாள், காலைப் பூசை முடிந்த நேரம். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் எங்கெங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் தங்கினார்கள், எந்த சாமி, எந்தச் சாதி என்று கேட்க நேரமில்லை. ஒரு மலரில் இதற்கு 'சுனாமி நிவாரணப் பணிகள் நடைபெற்றன' என்று ஒரு வரி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது, கூரை பறந்த கோயிலுக்கு மட்டும் முழுப் பக்கப் படம். கூரை பறந்த வீடுகளுக்கு இல்லை.

சுவரைப் பற்றி எழுதுவது

இனி சாதி. விழா மலர்களில் இந்த வார்த்தையே கிடையாது. 'ஒரே குடும்பம்' வந்துவிட்டால் அதற்குப் பிறகு எதற்கு என்பதுபோல.

புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் போய் முறையிட்டு, 1745இல் அது இடிக்கப்பட்டது. நமக்கு இது தெரிவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால். கோயிலுக்கு வெளியே இருந்த ஒரு இந்து எழுதி வைத்ததால்தான் கோயிலுக்குள் நடந்தது தெரிகிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டாம். நந்தனார் கதை கேட்டு வளர்ந்த ஊர், வாசலுக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று தெரிஞ்ச ஊர்.

பங்கு வரலாற்றை வேறு மாதிரி எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தைக் காட்டுவேன். தென்கோடியில் வடக்கன்குளம் என்ற ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே கோயிலே ரெண்டாகப் பிரிந்த அமைப்பில் எழுந்ததையும், நடுவிலிருந்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டதையும், கோர்ட்டு வரை போன வழக்கையும் அவர் சொல்கிறார். அதில் கோயில் கட்டடம் வருது, ஆனால் மனிதர்கள் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்ற கேள்வியோடு வருது. கட்டடத்தை வாசிக்கத் தெரிந்த வரலாறு அது. நம் மலர்கள் கட்டடத்தைப் படம் மட்டும் எடுக்கின்றன.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. இதே உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூரில், தங்கள் கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கணும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். 'பங்கு' என்ற ஒரு சொல்லுக்காக மனிதர்கள் அவ்வளவு தூரம் போயிருக்காங்க. அந்தச் சொல்லை நாம் கட்டடம், மணிக்கூண்டு என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

எங்கள் புறநகரில் சுவர் கிடையாது. ஒரே கல்லறை, ஒரே பெஞ்சு. அதனால்தான் எங்கள் மலரின் அந்த ஒரு வரி எனக்கு இத்தனை உறுத்தல்.

கொட்டாய் ஆயா

அந்த விசுவாசியை எல்லோரும் 'கொட்டாய் ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். காலனியின் முதல் வீடு. வாசலில் கீத்துக் கொட்டாய். மாசத்துக்கு ஒரு தடவை டவுனிலிருந்து சாமியார் சைக்கிளில் வருவார். சனிக்கிழமை சாயங்காலம் ஆயா சாணி போட்டு மெழுகிவிடும். மேசை வாத்தியார் வீட்டிலிருந்து வரும், வெள்ளைத் துணி அம்மா கொண்டுபோகும். சில பேர் பூசைக்கு வந்தாலும் கொட்டாய்க்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பூசை காண்பார்கள். வெயிலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வார்கள். மார்கழியிலும் அங்கேதான் நின்றார்கள்.

மலர் தயாரான சமயம் நான் குழுவிலிருந்த பெரியவரிடம் லேசாகக் கேட்டேன். "ஒருத்தர் பேர் போட்டா இன்னொருத்தர் கோச்சுக்குவார் தம்பி. பொதுவா இருக்கட்டும்" என்றார். பின்னாடி நன்கொடைப் பட்டியலில் டியூப்லைட் உபயம், மின்விசிறி உபயம் என்று தனித்தனியாகப் பேர் இருந்தது. அதற்கு யாரும் கோச்சுக்கலை. நான் அப்போது இதைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. வயசு, பயம், 'நமக்கெதுக்கு' என்ற நினைப்பு எல்லாம்தான்.

இந்தக் கட்டுரையை இந்த இடத்தில் கோபமாக முடிக்கத்தான் நினைச்சிருந்தேன். ஆயாவின் பெயரை இங்கேயே போட்டு, பழைய பிழையைத் திருத்திவிடலாம் என்று. போடுவதற்கு முன்னால் ஆயாவின் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். நல்லவேளை போனேன்.

அக்கா உடனே பதில் சொல்லலை. காபி போட்டுக் கொடுத்துட்டு, "பேரைப் போட்டா பசங்க சர்ட்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாங்க.

அந்தக் கேள்வி எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆச்சு. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை இல்லை. மதம் மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். அதனால் ஒரே வீட்டில் கோயிலுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் என்று இருப்பது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் ஒரு பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் மறுத்தது சரி என்று தீர்ப்புச் சொன்னது. அவருக்குக் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் கொடுத்த பதிவு அங்கே ஒரு ஆதாரமாக நின்றது. ட்ரெண்ட் திருச்சங்கம் 1563இல் கல்யாணத்துக்கு ஓலை வாசித்துப் பதிவேட்டில் எழுதச் சொன்ன காலத்திலிருந்து, பங்குப் பதிவேடு கத்தோலிக்கரைக் காப்பாற்றும் ஆவணம் என்றுதான் நினைச்சிருந்தோம். இன்றைக்கு அதே பதிவேடு ஒரு குடும்பத்துக்கு எதிராகவும் பேசும்.

அப்படியென்றால் மலரிலிருந்து ஆயாவை விட்டது அவமதிப்பா, பாதுகாப்பா? பெரியவர் இதையெல்லாம் யோசித்து விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் குடும்பப் பட்டியலில் சில வீடுகள் இல்லாததை நான் எப்போதும் நிர்வாகத்தின் ஓரவஞ்சனை என்றே வாசித்து வந்தேன். அதில் சிலர் தாங்களாகவே பெயர் கொடுக்காமல் ஒதுங்கியவர்களாகவும் இருக்கலாம். 'எல்லார் பெயரையும் எழுது' என்று மாடியில் உட்கார்ந்து விமர்சனம் பண்ணுவது சுலபம். எழுதுவதால் வரும் வில்லங்கம் எனக்கு வராது.

இதனால் என் விமர்சனத்தை வாபஸ் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் துல்லியமாக்கிக்கொள்கிறேன். பெயரை விடுவது வேற, நடந்ததை விடுவது வேற. 'ஒரு விசுவாசியின் இல்லத்தில்' என்ற வரியில் பெயர் மட்டும் இல்லாமல் போகலை. காலனி இல்லை, கீத்துக் கொட்டாய் இல்லை, சாணி மெழுகிய கை இல்லை, வேப்பமரத்தடியில் நின்றவர்களும் இல்லை. அதையெல்லாம் எழுத யாருடைய சர்ட்டிபிகேட்டும் குறுக்கே நிற்காது. நின்றவர்களின் கூச்சம்தான் குறுக்கே நின்றது. என்னுடையதும் சேர்த்து.

எங்கள் பங்குக்குப் பொன் விழா வரப்போகுது. மறுபடி பிழை பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. இந்தத் தடவை கட்டுரையையும் நானே எழுதித் தர்றேன் என்று சொல்லியிருக்கேன். பழைய ஆட்கள் இன்னும் பத்துப் பதினைந்து பேர்தான் மிச்சம். ஒவ்வொருவர் வீட்டிலும் போய் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து வந்தீங்க, முதல் பூசை எங்கே கண்டீங்க, உங்களைப் பற்றி எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று கேட்டு எழுத ஒரு நோட்டு வாங்கியிருக்கேன். கடைசிக் கேள்விதான் முக்கியம். மற்ற பங்குகளில் மலர் போடுகிறவர்களும் அந்தக் கேள்வியை மட்டுமாவது கேட்டால் நல்லது.

அக்காவுடைய பதில் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கு: "அம்மா பேரப் போடு. எங்க பேர் வேணாம். கொட்டாயப் பத்தி நல்லா எழுது, மழைல ஒழுவாத கொட்டாய் அது."

ஆயாவின் பெயர் அவங்க கேட்டபடி மலரில் வரும். அதற்கு முன்னால் இங்கே போடுவது முறையில்லை.